திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறவனின் சந்தேகம்: ஆராதனை மட்டும் சீஷனை உருவாக்குமா?

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்காரன்:

எல்லோருக்கும் தோத்திரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பரம்பரை லுத்தரன். பதினேழு வருடமாக எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன், அதாவது குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் வகுப்பு. இறையியல் எல்லாம் படித்ததில்லை. முன்பிருந்த ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) மாற்றலாகிப் போகும்போது "நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

போன மாதம் வகுப்பில் பதினொரு பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து விசுவாசப் பிரமாணத்தை எழுதச் சொன்னேன். நாம் எதை நம்புகிறோம் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்வதுதானே. மூன்று பேர் முழுதாக எழுதினார்கள். மற்றவர்கள் நடுவில் வரும் பொந்தியு பிலாத்து என்ற பெயரைத் தாண்டவில்லை. ஒரு பையன், "திரையில வந்தா சொல்லிடுவேன் சார்" என்றான். உண்மையைத்தான் சொன்னான், கோபித்துக்கொள்ள முடியவில்லை.

ப்ரொஜெக்டர் வருவதற்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் ஆராதனை முறைமையை நான்தான் அச்சடித்துக் கொடுப்பேன். ஏ4 தாளை இரண்டாக மடித்து 150 பிரதி. இப்போது அது நின்றுபோனது. வியாபாரம் போன வருத்தத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். (கொஞ்சம் அதுவும் இருக்கிறது.)

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடிகாலையில் தானே புயல் அடித்தது. இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை புது வருடப் பிறப்பு. கரண்ட் இல்லை, மைக் இல்லை, கோயில் கூரையில் பாதி ஓடு இல்லை. பாட்டுப் புத்தகங்கள் அலமாரியோடு நனைந்து, பிரித்தால் கையோடு வந்தன. முப்பது பேர் வந்திருப்போம். ஐயர் வெறும் குரலில் "உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள்" என்றார். பெரியவர்கள் புத்தகம் இல்லாமல் "கர்த்தரிடத்தில் உயர்த்துகிறோம்" என்றார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு மொத்தத்தையும் பறிகொடுத்த ஒருவர் எனக்கு முன் வரிசையில் நின்றிருந்தார். அவரும் சொன்னார். மனசு உயர்ந்ததோ இல்லையோ, வாய் சொன்னது. ஐம்பது வருடப் பழக்கம் அவரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது என்று எனக்குத் தோன்றியது.

சரி, அப்படியானால் மனப்பாடம் போதும் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் இடிக்கிறது. அன்றைக்கு ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னவர்களில் இரண்டு பேர் அப்புறம் சொத்துத் தகராறில் ஒருவர் மேல் ஒருவர் கேஸ் போட்டார்கள். இரண்டு தரப்பு மனுவுக்கும் என் கடையில்தான் நகல் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் இருவரும் ஒரே பாத்திரத்தில் பருகினார்கள்.

இப்போது எங்கள் வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் 12 வாரச் சீஷத்துவப் பயிற்சி (இயேசுவின் சீடனாக வாழப் பழகுவது) என்று ஒரு புத்தகம் தயாரித்து, 60 பிரதி ஸ்பைரல் பைண்டிங் போடச் சொல்லி என்னிடமே கொடுத்திருக்கிறார். கோடிட்ட இடத்தை நிரப்புக வகைக் கேள்விகள் நிறைய. நல்ல பிள்ளை, உழைத்திருக்கிறார். ஆனால் என் சந்தேகம் வேறு. ஆராதனையே ஆளை உருவாக்க வேண்டும் என்றால் தனி வகுப்பு எதற்கு? வகுப்புதான் உருவாக்கும் என்றால் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் நாம் என்னதான் செய்கிறோம்? ஆதிச் சபையில் இதை எப்படி வைத்திருந்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

மிஷன் வீதி டீச்சர்:

மரியே வாழ்க அண்ணா. (லுத்தரன் அண்ணனிடம் இப்படித் தொடங்கலாமா தெரியவில்லை, பழக்கதோஷம்.) புதுச்சேரியில் சம்பா கோயில் பக்கம்தான் வீடு. பெரியவர்களாகத் திருமுழுக்குப் பெற வருகிறவர்களுக்கு நான் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் உங்கள் கேள்வி என் கேள்வியும்தான்.

ஆதித் திருச்சபை இரண்டையும் பிரிக்கவே இல்லை. இப்போலித்து பெயரில் வழங்கும் 'அப்போஸ்தல மரபு' என்ற பழைய நூலில் திருமுழுக்குக்கு வருகிறவர் மூன்று வருடம் வசனம் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. முதல் நாளே என்ன தொழில் என்று கேட்பார்கள். சிலை செய்கிறவரோ அரங்கத்தில் சண்டை போடுகிறவரோ அதை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கடைசியில் ஒரு பரீட்சை உண்டு. அதில் கேட்பது என்ன தெரியுமா? விதவைகளை மதித்தாயா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாயா. அதற்கும் அவர் சொல்வது போதாது, அழைத்து வந்தவர் சாட்சி சொல்ல வேண்டும். உங்கள் கேஸ்கார ஐயாக்கள் இரண்டு பேரும் அந்தப் பரீட்சையில் தேறியிருப்பார்களா பாருங்கள்.

விசுவாசப் பிரமாணத்துக்கு வருகிறேன். சுமார் 350இல் எருசலேமில் சிரில் என்பவர் திருமுழுக்குக்கு ஆயத்தமானவர்களுக்குப் போதித்தார். பிரமாணத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது, தாளில் எழுதாதீர்கள், மனசில் பொறித்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இது கசப்பாக இருக்கலாம்! இன்னொரு விஷயமும் உண்டு. முழுக்கு, நற்கருணை இவற்றின் உட்பொருளை அவர்கள் விவரமாகச் சொன்னது பாஸ்கா (ஈஸ்டர்) முடிந்த பிறகு. முதலில் தண்ணீரில் இறங்கு, அப்பத்தைக் கையில் வாங்கு, அப்புறம் உனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன், இதுதான் முறை. நாம் தலைகீழாகச் செய்கிறோம், நானும் சேர்த்துத்தான்.

இந்த முறை நூற்றாண்டுக்கணக்கில் வழக்கொழிந்து கிடந்தது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு அதை மீட்கச் சொன்னது. 1972இல் புதிய சடங்குமுறை வந்தது. அதன்படி ஆயத்தமாகிறவர்களை மறையுரை முடிந்ததும் ஆசீர்வதித்து வெளியே அனுப்பலாம். பல பங்குகளில் இதைச் செய்வதில்லை. எங்கள் சாமியார் பிடிவாதக்காரர், செய்தார். லாஸ்பேட்டையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் ஒருவர் ஞாயிறுதோறும் பாதிப் பூசையில் எழுந்து என்னோடு பின்னறைக்கு வருவார். அன்றைய வாசகத்தைத் திரும்பப் படித்துப் பேசுவோம். முதல் மாதம் அவருக்கு அவமானமாக இருந்தது. ஒருநாள், "டீச்சர், இவங்க எல்லாம் உள்ள இருந்துக்கிட்டு வாட்ச் பார்க்கிறாங்க, நான் வெளிய இருந்துக்கிட்டு உள்ளயே பார்க்கிறேன்" என்றார். அன்றிலிருந்து நான் வாட்ச் கட்டிக்கொண்டு பூசைக்குப் போவதில்லை.

ஒன்று விட்டுவிட்டேன். "இருதயங்களை உயர்த்துங்கள்" என்பது புயல் நாளில் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்றீர்கள். 258இல் வேதசாட்சியாக மரித்த கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அதைக் குரு சொல்ல, மக்கள் பதில் சொல்லும் வார்த்தையாகவே எழுதியிருக்கிறார்.

*

நெல்லிக்குப்பம் கீபோர்டு:

அண்ணே, ப்ரொஜெக்டரை நீங்கள் இடிப்பதால் நான் பேச வேண்டியிருக்கிறது. பெந்தெகொஸ்தே சபை. ஒன்பது வருடமாக கீபோர்டு.

எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திரையிலும் படிக்க மாட்டார், உங்கள் 150 பிரதியிலும் படிக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த வசனம் எல்லாம் பாட்டில் வந்த வசனம். களை எடுக்கும்போது அதைத்தான் பாடுவார், அப்பா குடித்துவிட்டு வந்த ராத்திரிகளிலும் அதைத்தான் பாடினார். அதனால் பாட்டு ஆளை உருவாக்காது என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது. சுமார் 112இல் பித்தினியா ஆளுநர் பிளினி ரோம ராயருக்குக் கடிதம் எழுதினார். அதிலேயே, இவர்கள் விடிவதற்கு முன் கூடி கிறிஸ்துவைத் தெய்வம்போல் பாடுகிறார்கள் என்றுதான் இருக்கிறது. பாடுவதோடு நிற்கவில்லை. திருட மாட்டோம், நம்பிக் கொடுத்து வைத்த பணத்தைக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டோம் என்று உறுதியும் எடுத்தார்களாம். சீட்டு பிடிக்கிறவர்கள் இருக்கும் சபைகளில் இதை வாராவாரம் சொல்ல வைக்கலாம்.

ஆனால் எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு. ஜெபம் நடக்கும்போது அடியில் பேட் சவுண்டு (கீபோர்டில் நீண்டு இழையும் ஒலி) ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்குள்ள உத்தரவு. சத்தம் நின்றால் ஆவியானவர் போய்விடுவார் என்பதுபோல. ஒரு ஞாயிறு நடுவில் அடாப்டர் செத்துவிட்டது. பாஸ்டரும் சட்டென்று நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா தேம்பி அழுவது கேட்டது. எத்தனை வாரமாக அழுதுகொண்டிருந்தாரோ, என் வாசிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. மகன் சிப்காட்டில் வேலை போய் வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டமாம். அன்றைக்கே நாலு பேர் அரிசி வாங்கிக் கொடுத்தோம்.

*

ரெயின்போ நகர் பெரியவர்:

ஆதிச் சபை என்றதும் எல்லோரும் உருகுகிறீர்கள். கொரிந்துச் சபையும் ஆதிச் சபைதான். கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று பவுல் திட்டுகிறாரே. ஆராதனை ஆளை உருவாக்கும், சந்தேகமே வேண்டாம். எப்படிப்பட்ட ஆளாக என்பதுதான் கேள்வி.

மிஷன் வீதி அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும். இன்றைய சம்பா கோயில் 1791இல் கட்டி முடித்தது. அதற்கு முந்தைய கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் சுவருக்கு ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். 1745இல் அவர்கள் போய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், அதே ஜெபம், அதே நற்கருணை, அதே விசுவாசப் பிரமாணம். அத்தனை வருடம் அங்கே முழங்கால் போட்ட குழந்தை எதைக் கற்றிருக்கும், பிரசங்கத்தையா, சுவரையா? சுவருக்கு மனப்பாடம் தேவையில்லை. இன்றைக்குச் சுவர் இல்லை. கல்லறைத் தோட்டங்களில் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது.

ஜெராக்ஸ்காரத் தம்பி, சுமார் 155இல் ரோமில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதிய விளக்கத்தைப் படியுங்கள். ஞாயிறு ஆராதனையை அப்படியே வரிசையாகச் சொல்கிறார். வாசிப்பு, போதனை, எழுந்து நின்று ஜெபம், அப்பமும் ரசமும், ஆமென். நாம் அங்கே முடித்துவிட்டு வண்டியைத் திருப்புகிறோம். அவர் மேலே போகிறார். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் பங்கை எடுத்துப் போகிறார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகிறது. உங்கள் பதினொரு பேருக்கு வாயில் வேலை கொடுத்தீர்கள். காலுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்?

*

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்காரன்:

ஐயா கேட்டது குத்திவிட்டது. எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

மாதத்தில் முதல் ஞாயிறு திருவிருந்து. முடிந்ததும் ஐயர் வர முடியாத முதியவர்களின் வீடுகளுக்குச் சின்னப் பெட்டியோடு போவார். டிவிஎஸ்ஸில் தனியாகத்தான் போவார், இத்தனை வருடமாக எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. இந்த முறை வகுப்பையும் கூட்டிப்போகிறேன் என்றேன். ஐயர் ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் சரி என்றார். பதினொன்றில் நான்கு பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கு டியூஷன், கிரிக்கெட், ஒருத்திக்கு வீட்டில் விருந்தாளி.

புதுப்பாளையத்தில் இரண்டு வீடு, தேவனாம்பட்டினம் போகிற வழியில் ஒன்று. முதல் வீட்டில் பையன்கள் செருப்பைக் கழற்றுவதற்கே இடமில்லாமல் முட்டிக்கொண்டார்கள். கட்டிலில் இருந்த அம்மாவுக்குக் கண் தெரியாது. ஐயர் "கர்த்தர் உங்களோடிருப்பாராக" என்றார். பிள்ளைகள் நால்வரும் சுவரைப் பார்த்தார்கள். பழக்கம், திரையைத் தேடுகிறார்கள். அந்த அம்மா மட்டும் "அவர் உமது ஆவியோடும் இருப்பாராக" என்றார். அடுத்தடுத்து எல்லாவற்றுக்கும் அவரே சொன்னார். பிள்ளைகளுக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டாவது வீட்டில் முணுமுணுத்தார்கள். மூன்றாவது வீட்டில் திரையில் வந்தால் சொல்வேன் என்ற அதே பையன் பிரமாணத்தில் பிலாத்துவைத் தாண்டிவிட்டான். "பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்" என்ற இடத்தில் திக்கினான், அந்த வீட்டுத் தாத்தா எடுத்துக்கொடுத்தார்.

வகுப்பு தேவை இல்லை என்று நான் இப்போதும் சொல்லவில்லை. எங்கள் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1529இல் சிறு ஞானோபதேசத்தை (கேள்வி பதிலாக உள்ள சின்ன விசுவாசப் பாடநூலை) எழுதியதே ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நேரில் போய்ப் பார்த்து நொந்துதான். ஆனால் அதையும் வீட்டில், காலையும் ராத்திரியும், சிலுவை அடையாளம் போட்டுச் சொல்லும்படிதான் எழுதினார். டீச்சர் சிரிப்பார்கள், சிலுவை அடையாளம் எங்களுக்கும் உண்டு. எங்கள் ஆட்கள் மறந்துவிட்டார்கள்.

அடுத்த மாதத்துக்காக, வீட்டில் சொல்ல வேண்டிய மாறுத்தரங்களை மட்டும் பெரிய எழுத்தில் அரைத் தாளில் போட்டிருக்கிறேன். 40 பிரதி. சிரில் ஐயா மன்னிக்கட்டும், எனக்குத் தெரிந்தது அச்சடிப்பது ஒன்றுதான். தம்பியின் 12 வாரப் புத்தகம் பைண்டிங் ஆகாமல் மேசையில் கிடக்கிறது. எட்டாவது வாரத்துக்கு 'விதவைகளையும் நோயாளிகளையும் விசாரித்தல்' என்று தலைப்பு, கீழே பத்துக் கோடிட்ட இடங்கள். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு நான்கு முகவரிகளைப் போடலாமா என்று அவரிடம் கேட்கப்போகிறேன். கோபித்துக்கொள்வாரோ என்னவோ.

*

நெல்லிக்குப்பம் கீபோர்டு:

அண்ணே, அரைத் தாள் எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை கோர்ட் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, வாங்கிக்கொள்கிறேன். கேஸ் இல்லை, வாடகை ஒப்பந்தம்.