நீச்சல் குளத்துத் தண்ணீரை எங்கே விடுவது? மண்டபம் பக்கம்

தோப்புவீடு:
ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு. 20 அடிக்கு 10 அடி, 4 அடி ஆழத்தில் சின்ன நீச்சல் குளம் கட்டியிருக்கிறோம், கிட்டத்தட்ட 22,000 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் பச்சையாகிவிட்டது. மொத்தமாகத் திறந்து பின்னால் ஓடுகிற ஓடையில் விடச் சொல்கிறார் கொத்தனார். ஓடை நேரே கடலுக்குப் போகிறது, அதனால் மனசு ஒப்பவில்லை. வேறு வழி இருக்கிறதா?

குளம்பராமரிப்பு:
முதலில், காலி செய்யத்தான் வேண்டுமா? தண்ணீர் விலை கொடுத்து வாங்குகிற மாவட்டம் நம்முடையது. பச்சை நிறம் மட்டும்தான் என்றால் சுவரைத் தேய்த்து, குளோரின் ஏற்றி, ஃபில்டரை நாள் முழுக்க ஓடவிட்டாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். விட்டே ஆக வேண்டும் என்றால் குளோரின் போடுவதை நிறுத்தி, மூடாமல் வெயிலில் விடுங்கள். டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் குளோரின் தெரியவே கூடாது, பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7, 8 அளவில் இருக்க வேண்டும். நீங்கள் போடுவது வெயிலில் குளோரின் சீக்கிரம் போகாத மாதிரி ஸ்டெபிலைசர் சேர்த்த மாத்திரை என்றால் நாள் கூடுதலாகும். அவசரம் என்றால் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் போடலாம். அப்புறம் ஹோஸை இடம் மாற்றி மாற்றித் தென்னைப் பாத்திகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கிணற்றுப் பக்கம் வேண்டாம், செப்டிக் டேங்கிலும் விடாதீர்கள், அதில் வேலை செய்யும் கிருமிகள் செத்துவிடும். உப்புத் தண்ணீர்க் குளம் என்றால் சொல்லுங்கள், உப்பு வெயிலில் போகாது, மண்ணிலேயே தங்கிவிடும்.

கடற்கரைப்பெண்:
தம்பி, பாசி மருந்து என்று நீலமாக எதையாவது ஊற்றினீர்களா? நிறைய மருந்தில் இருப்பது செம்பு, நம் ஊர் மயில்துத்தம்தான். குளோரினாவது வெயிலில் போய்விடும், செம்பு எத்தனை நாள் வைத்தாலும் போகாது. அந்தத் தண்ணீர் கடலுக்கு வந்தால் நத்தை, இறால் குஞ்சு எல்லாவற்றுக்கும் விஷம். பாசியைக் கொல்லத்தானே அந்த மருந்து, எங்கள் பெண்கள் கடலில் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்து பாசியும் பாசிதான். எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து சோறு போட்டது அது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து அங்கே பாசி எடுக்க எங்களுக்கு எத்தனையோ கட்டுப்பாடு. கரையில் இருக்கிற நீங்களும் கொஞ்சம் யோசித்து விடுங்கள்.

தோப்புவீடு:
நல்ல வேளை கேட்டீர்கள் அக்கா. போட்டது குளோரின் மாத்திரை மட்டும்தான். பாசி மருந்து ஒரு கேன் வாங்கி வைத்திருந்தேன், சீல் பிரிக்கவில்லை, கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். முதலில் தேய்த்து ஃபில்டர் ஓட்டிப் பார்க்கிறேன், தெளியவில்லை என்றால் தோப்புக்கு.

குளம்பராமரிப்பு:
இன்னொன்று, ஐப்பசி மழை பிடித்த பிறகு முழுக்க இறக்காதீர்கள். கடலோரத்தில் ஊற்று மேலே இருக்கும், குளம் காலியாக இருந்தால் அடியிலிருந்து தண்ணீர் தள்ளித் தரை வெடிக்கும், சில இடத்தில் தொட்டியே எழும்பிவிடும். அடியில் அழுத்தம் விடுகிற வால்வு வைத்திருக்கிறார்களா?

தோப்புவீடு:
கொத்தனாரிடம் இப்போதுதான் கேட்டேன், வைக்கவில்லையாம். சரி, இறக்கினாலும் பாதிக்கு மேல் இறக்க மாட்டேன்.