போன் யார் கையில் இருந்தது?

பழைய சிலேட்டு:
நேற்று இங்கே ஒரு டீச்சர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவருடைய நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூட வேப்பமரத்துக்கு வரும் பறவைகளைப் பற்றித் "தாங்களே ஆராய்ச்சி" செய்தார்களாம். மெர்லின் என்ற செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொன்னதாம். ஒரே ஒரு கேள்வி: போன் யார் கையில் இருந்தது?

வேப்பமரத்தடி:
என் கையில்தான் சார். என் சொந்த போன். ஆனால் கேள்வி பிள்ளைகளுடையது. மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவப் போன பையன் ஒருவன் ஓடி வந்து, "டீச்சர், வைரி கத்துது, ஆனா வைரியைக் காணோம்" என்றான். வைரி என்றால் சின்னப் பருந்து மாதிரி ஒரு வேட்டைப் பறவை. மெர்லினில் பதிவு செய்தோம், அதுவும் வைரி என்றே காட்டியது. மரத்தில் இருந்ததோ கரிச்சான், அதாவது ரெட்டைவால் குருவி. நான்கு நாள் தள்ளி நின்று பார்த்து நோட்டில் குறித்தார்கள். கரிச்சான் வைரி போலக் கத்துகிறது, மைனாக்கள் பயந்து பறக்கின்றன, அவை விட்டுப்போன புழுவை இது கொத்திக்கொள்கிறது. செயலி சொன்னது தப்பு என்று காட்டியவர்கள் 9 வயதுப் பிள்ளைகள்.

பழைய சிலேட்டு:
ஆக, போன் டீச்சர் கையில். ஒப்புக்கொண்டதற்கு நன்றி. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு வந்தபோதும் இதே பேச்சுதான், பிள்ளைகள் தாங்களே தேடிக் கற்பார்கள் என்று. டீச்சர் போனில் ஸ்கேன் செய்வார், வீடியோ ஓடும், பிள்ளைகள் கைகட்டிப் பார்ப்பார்கள். அதுவும் ஆராய்ச்சிதானா?

கரிசல் மண்:
வைரி இல்லை, அது வல்லூறு. எங்கள் பக்கம் கோழிக்குஞ்சைத் தூக்குவதை வல்லூறு என்றுதான் சொல்வோம்.

ரெண்டாம் பெஞ்சு:
சிலேட்டு ஐயா, போன் யார் பிடித்தால் என்ன? பார்த்த பறவை, பூச்சி, செடிகளைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் கணக்கே தொடங்க முடியாது. சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் பெரியவர் கருவியைப் பிடிப்பதுதான் முறை. பிள்ளை என்ன கேட்டது, எதைப் பார்த்தது, அதைப் பாருங்கள். போன மாதம் தொடக்கப் பள்ளிகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் பற்றிய திரியிலும் நீங்கள் இப்படித்தான் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள்.

பழைய சிலேட்டு:
அந்தத் திரியை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே நான் சொன்னதற்கு இன்றுவரை உங்களிடம் பதில் இல்லை. நான் 31 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவன். எறும்புப் புற்றின் பக்கத்தில் சர்க்கரையும் உப்பும் வைத்துவிட்டுப் பிள்ளைகளை உட்கார வைப்பேன். எந்த எறும்பு எதற்கு வந்தது என்று அவர்களே எண்ணுவார்கள். சாக்பீஸ் அவர்கள் கையில் இருந்தது. பிள்ளைகளே ஆய்வு செய்து கொண்டுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993லிருந்து நடக்கிறது. அன்று எந்தப் பிள்ளையிடம் செயலி இருந்தது?

வேப்பமரத்தடி:
அந்த மாநாடு 10 வயதிலிருந்துதான் சார். அங்கும் வழிகாட்டி ஆசிரியர் உண்டு. அப்புறம், சர்க்கரையை வைத்தது யார்? நீங்கள்தானே? எறும்பைக் கண்ணால் எண்ணலாம். குரலை எப்படி எண்ணுவது? மெர்லினில் குரல் ஓட ஓடக் கோடு கோடாகப் படம் நகரும். அதைப் பார்த்து என் பிள்ளைகள் நோட்டில் வரைந்தார்கள். கரிச்சானின் சொந்தக் குரலுக்கு ஒரு கோடு, வைரிக் குரலுக்கு இன்னொரு கோடு. அந்த நோட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பழைய சிலேட்டு:
நோட்டு பிள்ளைகள் கையில், போன் உங்கள் கையில். நான் சொன்னதையே சொல்கிறீர்கள்.

அஞ்சாப்பு அப்பா:
இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து பாருங்கள். "புராஜெக்ட்" என்று என் மகள் போனை வாங்கினால் ராத்திரி 9 மணி வரை திரும்பி வராது. படத்தை நான் பிரிண்ட் எடுக்க வேண்டும், நான் ஒட்ட வேண்டும். மாணவர் ஆராய்ச்சி என்று சான்றிதழ் மட்டும் அவளுக்கு.

ரெண்டாம் பெஞ்சு:
அது உங்கள் வீட்டுப் பிரச்சினை. இங்கே பேசுவது வகுப்பறை.

அஞ்சாப்பு அப்பா:
வகுப்பறையில் கொடுத்ததுதான் ஐயா வீட்டுக்கு வருகிறது! பிள்ளை இல்லாதவர்கள் பேசக் கூடாது.

ரெண்டாம் பெஞ்சு:
எனக்குப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கு எதற்கு? இதை நீக்கச் சொல்லி நிர்வாகிக்கு எழுதியிருக்கிறேன்.

பழைய சிலேட்டு:
பேச்சை மாற்ற வேண்டாம். "தாங்களே" என்று எழுதினார், அந்த வார்த்தையை எடுக்கட்டும், நான் போய்விடுகிறேன். போன் டீச்சர் கையில் இருக்கும்வரை அது டீச்சரின் ஆராய்ச்சி.

வேப்பமரத்தடி:
எடுக்க மாட்டேன். செயலி வைரி என்றதும் நானே வைரி என்றுதான் நம்பினேன். "இல்ல டீச்சர், அந்த ரெட்டைவாலுதான் வாயத் தொறக்குது" என்று என் கையைப் பிடித்து இழுத்தது ஒரு சின்னப் பெண். போன் வைத்திருந்த நான் தப்பு, வெறுங்கையோடு நின்றவள் சரி. இதற்கு மேல் என்ன வேண்டும் உங்களுக்கு?

பழைய சிலேட்டு:
வெறுங்கையோடு நின்றவள் சரி! இதைத்தானே நான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கரிசல் மண்:
வல்லூறு பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ரெண்டாம் பெஞ்சு:
வல்லூறு வேறு, பொரி வல்லூறு என்று பெரிதாக ஒன்று இருக்கிறது. வைரி வேறு.

கரிசல் மண்:
எங்கள் ஊர்ப் பறவைக்குப் பெயர் வைக்க நீங்கள் யார்? என் பாட்டி கூப்பிட்ட பெயர் அது.