புதுப்பிப்பு: முள் ஒட்டும் காம்பஸும் டர்பன் ஓரியன்டியரிங்கும்

லண்டனிலிருந்து அண்ணன் அனுப்பிய காம்பஸில் முள் சுழலாமல் ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வரைபடமும் காம்பஸும் வைத்துக் காட்டில் குறித்த இடங்களைத் தேடி ஓடும் ஓரியன்டியரிங் விளையாட்டுக் கிளப்பில் மூத்தவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். முள்ளின் தென்முனை அடித்தட்டில் உரசிக்கொண்டிருந்தது. வட அரைக்கோளத்துக்கு எடை சமன் செய்த முள் இங்கே தெற்குப் பக்கம் சாய்ந்துவிடும். தென் அரைக்கோளத்துக்கு உரியது என்று கேட்டு வாங்குங்கள்.

காந்த வடக்கு (முள் காட்டும் வடக்கு) இங்கே மெய்வடக்கிலிருந்து (வட துருவம் இருக்கும் திசையிலிருந்து) சுமார் 25 பாகை மேற்கே விலகியிருக்கிறதே, அதைக் கழிக்க வேண்டாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம். ஓரியன்டியரிங் வரைபடத்தின் வடக்குக் கோடுகளே காந்த வடக்கை வைத்து வரைந்தவைதான்.

அப்புறம், மகளையும் கூட்டிப்போனேன். வரைபடத்தில் வெள்ளை என்றால் ஓடக்கூடிய காடு, கரும்பச்சை என்றால் அடர்ந்த புதர் என்று சட்டென்று பிடித்துக்கொண்டாள். தேட வேண்டிய இடத்தைக் காட்டும் முதல் ஆரஞ்சு வெள்ளைக் கொடியைக் கண்டதும் அவள் போட்ட சத்தம் இருக்கிறதே! பிள்ளைகளைத் தயங்காமல் கூட்டிவாருங்கள்.