ட்ரூபல் 7 சைட்ட 11-க்கு மாத்தணும், அதுக்கு முன்ன பெங்களூரு கான்பரன்ஸ் போகவா?

மார்த்தாண்டம்_தேன்:
அண்ணமாரே அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளக்குதவங்க சங்கத்துக்க சைட்ட நான்தான் பாத்துக்கிடுதேன், வெப்சைட் கட்டுத சாஃப்ட்வேரான ட்ரூபல்ல பழைய 7-ஆம் பதிப்பு. யாரு எத்தன கிலோ தேன் கொண்டாந்தாங்க, ஈரப்பதம் எவ்வளவு, பாக்கி ரூவா எவ்வளவு எல்லாமே உள்ள ஒரு கஸ்டம் மாட்யூல்லதான் (சங்கத்துக்குன்னே தனியா எழுதின கோடு) ஓடுது, அத எழுதின ஆளு இப்ப கல்ஃப்ல. 2025 ஜனவரி 5-ஓட 7-க்கு செக்யூரிட்டி அப்டேட் நின்னுபோச்சு, ஹோஸ்டிங்ல இருந்தும் ட்ரூபல் ஓடுத பிஎச்பி மொழிக்க பழைய பதிப்ப எடுக்கப்போறோம்னு மெயில் வந்துகிட்டே இருக்கு. அடுத்த மாசம் பெங்களூருல ட்ரூபல் கான்பரன்ஸ், டிக்கெட் ட்ரெயின் ரூம் எல்லாம் கைக்காசு. போயிட்டு வந்து முடிவெடுக்கவா, இல்ல அந்தக் காசுல வேலைய ஆரம்பிச்சிரவா?

வடசேரி_பிஎச்பி:
தம்பி, 7-ல இருந்து 11-க்கு போறத அப்கிரேட்னே நினைக்காண்டாம். 2015-ல 8 வந்தப்பவே சிம்ஃபனிங்குற பிஎச்பி ஃப்ரேம்வொர்க் மேல மொத்தமா மாத்தி எழுதிட்டாங்க, பக்கத்துக்க தோற்றத்துக்கு டிபிஎல் பிஎச்பி ஃபைலுக்கு பதிலா ட்விக், எந்த லிங்க் எங்க போகணும்னு சொல்லுத ஹுக் மெனு போயி ரவுட்டிங் யாம்ல் ஃபைல், மாட்யூல் இறக்குததுக்கெல்லாம் கம்போசர்ங்குற டூல். பால் வத்திப்போன ரப்பர் தோட்டத்த வெட்டி மறுநடவு பண்ணுத வேல இது. புது சைட்ட பக்கத்துல தனியா கட்டி, மைக்ரேட் மாட்யூல் வச்சு கன்டென்ட், யூசர், ஃபைல் எல்லாம் இழுக்கணும். லிஸ்ட் பக்கம் போடுத வியூஸ் மாட்யூல் இப்ப ட்ரூபல் கூடவே வருது, ஆனா பழைய வியூஸ் தானா வராது, கையால திரும்ப போடணும். கஸ்டம் மாட்யூல் மொத்தமும் புதுசா எழுதணும், ஒனக்க செலவுல பெரும்பங்கு அங்கதான் போகும். 11-க்கு பிஎச்பி 8.3 வேணும், ஹோஸ்டிங்ல இருக்கான்னு இன்னைக்கே கேளு.

குளச்சல்_அக்கா:
போ மக்கா, கண்டிப்பா போ. ஆனா ஹால்ல உக்காந்து ஸ்லைடு பாக்கதுக்கு போகாத, டாக் எல்லாம் பெரும்பாலும் பொறவு யூடியூப்ல வந்திரும். சைட்ல என்னென்ன மாட்யூல் இருக்குன்னு ஒரு லிஸ்ட், அந்த தேன் மாட்யூலுக்க டேட்டாபேஸ் டேபிள் எப்படி இருக்குன்னு ஒரு பேப்பர், ரெண்டையும் கையில எடுத்துட்டு போ, கான்ட்ரிபியூஷன் டே (எல்லாரும் சேந்து உக்காந்து ட்ரூபல் வேல பாக்குத நாள்) இருந்தா அன்னைக்கு நாள் பூரா அங்க இரு, மைக்ரேஷன் பண்ணி முடிச்ச ஆளுக்க பக்கத்துல போயி உக்காந்து இந்த டேபிள எப்படி இழுப்பீங்கன்னு நேரா கேளு. பேப்பர காட்டி கேட்டா யாரும் மழுப்ப முடியாது. டீ குடிக்க நேரத்துல கிடைக்குத பதில் பல தடவ டாக்க விட நல்லா இருக்கும்.

தக்கலை_டெவ்:
நான் வேற மாதிரி சொல்லுதேன். சின்ன சங்கத்துக்கு 11 தேவையா? பேக்டிராப்னு ஒரு சாஃப்ட்வேர் பாருங்க, ட்ரூபல் 7-ல இருந்து பிரிஞ்சு 2015 ஜனவரில வந்தது. 7-க்க டேட்டாபேஸ வச்சே அப்டேட் ஓட்டலாம், கஸ்டம் மாட்யூலையும் கொஞ்சம் திருத்தினா போதும், முழுசா எழுதாண்டாம். செலவு நல்லா குறையும்.

வடசேரி_பிஎச்பி:
தக்கலை தம்பி சொல்லுதது நியாயம்தான், நானும் தள்ள மாட்டேன். ஆனா பேக்டிராப் தெரிஞ்ச ஆளு நம்ம மாவட்டத்துல ரொம்ப கம்மி, நாளைக்கு இவன் வேற வேலைக்கு போனா சங்கம் யாருகிட்ட போயி நிக்கும்? ட்ரூபல்னா திருவனந்தபுரம் டெக்னோபார்க் பக்கமாச்சும் ஆளு கிடைக்கும். தேன் மாட்யூல் எத்தன ஃபைல், எத்தன டேபிள்னு பாத்துட்டு முடிவு பண்ணு. சின்னதுன்னா 11, பெருசுன்னா பேக்டிராப்.

மார்த்தாண்டம்_தேன்:
ரொம்ப நன்றி. மாட்யூல தொறந்து பாத்தேன், நாலு டேபிள்தான், அதனால 11 பக்கம்தான் மனசு போகுது. டிக்கெட்டும் போட்டாச்சு. தமிழ் தலைப்பு வச்ச பக்கமெல்லாம் கூகுள்ல வருது, அந்த லிங்க் ஒடஞ்சிருமா? உறுப்பினருக்க பாஸ்வேர்ட்?

குளச்சல்_அக்கா:
லிங்க் அலியாஸ் (பக்கத்துக்க தமிழ் முகவரி) மைக்ரேட்ல வந்திரும். ஆனா முகவரிய தானா உண்டாக்குத பாத்ஆட்டோ மாட்யூலுக்க பேட்டர்ன மாத்திட்டு மொத்தமா திரும்ப ஜெனரேட் பண்ணிராத, தமிழ் யூஆர்எல் வேற மாதிரி ஆயிரும். பழைய லிங்க்ல வாறவங்கள புதுசுக்கு திருப்புத ரீடைரக்ட் மாட்யூல் போட்டுரு. பாஸ்வேர்டும் வரும், பழைய பாஸ்வேர்ட சரிபாக்குத பிஎச்பாஸ் மாட்யூல மட்டும் ஆஃப் பண்ணாத, பண்ணினா பழைய பாஸ்வேர்ட் ஒண்ணும் எடுக்காது. இன்னொண்ணு, மாசி பங்குனில சைட்ட மாத்தாத மக்கா, ரப்பர் தளிர் விடுத நேரம் தேன் வரவு முழுக்க அப்பதான், எடை போடுத இடத்துல ஆளுக வரிசையா நிப்பாங்க. ஆடில வச்சுக்கோ.