தூத்துக்குடியில் 11 நாளாக நிற்கும் பேரீச்சை: ஆயுட்காலம் போதாது, லேபிள் சரியில்லை என்கிறார்கள். வழி இருக்கிறதா?

கோபி_உருண்டை:
வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் நமக்கு. அப்பா காலத்திலிருந்து எள்ளுருண்டை, கடலை உருண்டை பிடிக்கிறோம். மூன்று வருடமாகப் பேரீச்சை உருண்டையும் போடுகிறோம், நல்ல ஓட்டம். பழத்தை இதுவரை மொத்த வியாபாரியிடம்தான் வாங்கினோம். இந்த வருடம் நாமே இறக்கிப் பார்க்கலாம் என்று ஐஇசி (இறக்குமதி ஏற்றுமதிக்கான குறியீட்டு எண்) எடுத்து, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் மத்திய உரிமமும் எடுத்து, ஈராக்கிலிருந்து ஒரு 20 அடி கன்டெய்னர் சாகிதி ரகப் பேரீச்சை வரவழைத்தேன். 10 கிலோ பெட்டி, மொத்தம் 2,200 பெட்டி. பேங்கில் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய பணமுங்க.

சரக்கு தூத்துக்குடி சிஎஃப்எஸ்ஸில் (சுங்க அனுமதி வரும்வரை கன்டெய்னரை வைக்கும் இடம்) இறங்கி 11 நாள் ஆகிறது. உணவுத் துறை அதிகாரி பெட்டியைப் பார்த்துவிட்டு லேபிளில் குறை என்று கேள்வி போட்டிருக்கிறார். அதற்குள் என் சுங்க ஏஜென்ட், "60 சதவீதம் ஆயுட்காலம் மிச்சம் இருக்கணும், உங்களுக்கு இல்லை, எப்படியும் தேறாது, திருப்பி அனுப்பிவிடலாம்" என்கிறார். பேக்கிங் தேதி நவம்பர் 1, காலாவதி அடுத்த அக்டோபர் 31. இப்போது ஜூன் பாதி. மீதம் நாலரை மாதம்தான். வாடகை வேறு தினமும் ஏறுகிறது. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்க. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

பவானிக்கரை:
60 சதவீதம் கட்டாயம்தானுங்க. என் பங்காளி ஒருத்தர் போன வருடம் இதே காரணத்தால் பிஸ்கட் லோடைத் திருப்பி அனுப்பினார். ஏஜென்ட் சொல்வதைக் கேளுங்க, நாள் கடத்தினால் நஷ்டம் கூடும்.

முத்துநகர்_கிளியரிங்:
தம்பி, அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப எழுதிக் கொடுத்துவிடாதீங்க. நான் தூத்துக்குடியில் இதே வேலையில் 19 வருடமாக இருக்கிறேன்.

2017ஆம் வருட உணவு இறக்குமதி விதிமுறையில் உள்ள அந்த வாக்கியத்தைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். முழுதாகப் படித்தால், 60 சதவீதம் அல்லது காலாவதிக்கு முன் மூன்று மாதம், இவற்றில் எது குறைவோ அது மிச்சம் இருந்தால் போதும். உங்கள் பழத்துக்கு ஆயுள் 12 மாதம். 60 சதவீதம் என்றால் ஏழு மாதத்துக்கு மேல். மூன்று மாதம் அதைவிடக் குறைவு. ஆக உங்களுக்கு வேண்டியது மூன்று மாதம், கையில் இருப்பது நாலரை. தாராளமாகத் தேறும். மூன்று மாத ஆயுள் மட்டுமே உள்ள பண்டம் என்றால் கணக்கு மாறும், அங்கே 60 சதவீதம்தான் குறைவாக வரும். பவானிக்கரை சொன்ன பிஸ்கட்டுக்கு ஆயுள் எவ்வளவு, எவ்வளவு மீதம் என்று தெரியாமல் அதை இதோடு ஒப்பிட முடியாது.

இனி லேபிள். பெட்டியில் என்னென்ன அச்சாகி இருக்கிறது, என்ன இல்லை? அப்படியே எழுதுங்க. ஒன்றையும் விடாதீங்க. உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

கோபி_உருண்டை:
அண்ணாச்சி, படித்ததும் கண் கலங்கிவிட்டது. ரொம்ப நன்றி.

பெட்டியில் இங்கிலீஷில் பழத்தின் பெயர், பேக் செய்த கம்பெனியின் பெயர் முகவரி, ஈராக் என்பது, எடை, லாட் நம்பர், இரண்டு தேதி எல்லாம் இருக்கிறது. என் பெயர் முகவரி இல்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் உரிம எண்ணும் இல்லை. சைவத்துக்கான பச்சைப் புள்ளி இல்லை. அனுப்புகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. இன்று காலை தாவர நோய்த்தடுப்பு அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் சில பெட்டியில் உயிருள்ள வண்டு இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அதோடு என் சரக்கு முடிந்ததா?

முத்துநகர்_கிளியரிங்:
முடியவில்லை. நீங்கள் சொன்ன மூன்றும் திருத்தக்கூடிய குறைகள். இறக்குமதியாளர் பெயர் முகவரி, சின்னமும் உரிம எண்ணும், சைவ அசைவக் குறி. இவற்றைச் சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கிலேயே ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய அந்த விதிமுறையே இடம் கொடுக்கிறது. ஒரே ஸ்டிக்கராக இருக்க வேண்டும், பிய்த்தால் வராததாக இருக்க வேண்டும், பழைய லேபிளின் ஒரு எழுத்தைக்கூட மறைக்கக் கூடாது. தேதியோ லாட் நம்பரோ இல்லாமல் வந்திருந்தால் நானே கையை விரித்திருப்பேன். அவை அந்தப் பட்டியலில் கிடையாது.

வண்டுக்கு மெத்தில் புரோமைடு புகை போட வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிதான் போட முடியும். பேரீச்சையில் இது அடிக்கடி வருகிற விஷயம், பயப்படாதீங்க. ஆனால் வரிசை முக்கியம். முதலில் கன்டெய்னரிலேயே புகை போடுங்க. அவர்கள் காற்றோட்டம் விட்டு, உள்ளே போகலாம் என்று சொல்லும்வரை ஒருவரையும் ஏற விடாதீங்க, அது மனித உயிருக்கே ஆபத்தான வாயு. அப்புறம்தான் இறக்கி ஸ்டிக்கர். அதற்கும் பிறகுதான் உணவு மாதிரி எடுக்க வேண்டும். வண்டு உயிரோடு இருக்கும்போது மாதிரி போனால் ஆய்வகத்தில் தேறாது.

மாதிரி இரண்டு எடுப்பார்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, மற்றது இருப்பில். ஆய்வகம் ஐந்து நாளில் அறிக்கை தர வேண்டும். ஒருவேளை முதல் மாதிரி தவறினால், அந்த இரண்டாவதை மறுசோதனைக்கான ரெஃபரல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். மைசூரு சிஎஃப்டிஆர்ஐ போன்றவை அந்த வகை. உங்களுக்கு அதுவரை போகாது என்றே நினைக்கிறேன்.

நொய்யல்கரை:
தம்பி, கோவையிலிருந்து எழுதுகிறேன், பத்து வருடமாக பாதாம், அத்தி இறக்குகிறேன். அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. பணம் ஒழுகும் இடத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

உங்களுக்கு இப்போது இரண்டு மீட்டர் ஓடுகிறது. ஒன்று சிஎஃப்எஸ்ஸின் தரை வாடகை. மற்றது கப்பல் கம்பெனியின் கன்டெய்னர் டிடென்ஷன், அதாவது கன்டெய்னரைத் திருப்பித் தராமல் வைத்திருப்பதற்கான கட்டணம். இரண்டாவதுதான் ஆளைச் சாய்க்கும், நாள் கூடக் கூட ரேட்டும் கூடும். காலி கன்டெய்னரைத் திருப்பிக் கொடுத்தால்தான் அது நிற்கும். அதனால் புகை போட்டதும் சுங்கச் சட்டம் 49ஆம் பிரிவில் மனு கொடுங்க. அனுமதி கிடைக்கும்வரை சரக்கைப் பொதுக் கிடங்குக்கு மாற்றி வைக்கத்தான் அந்தப் பிரிவு. வரி கட்டாமலே மாற்றலாம், முதலில் 30 நாள், வேண்டுமானால் நீட்டிப்பும் கேட்கலாம். கிடங்கு வாடகை உண்டு, ஆனால் டிடென்ஷனோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஸ்டிக்கரையும் அங்கேயே ஒட்டிக்கொள்ளலாம். எனக்கு முதல் லோடில் இதைச் சொல்ல ஆளில்லை. 23 நாள் கன்டெய்னரோடு நிறுத்திவைத்து, லாபம் முழுவதையும் அதிலேயே விட்டேன்.

பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) எப்போது போட்டார்கள்? 2021லிருந்து கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் போட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாள் தலா 5,000 ரூபாய், அப்புறம் நாளுக்கு 10,000.

பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு) எந்தத் துறைமுகம் இருக்கிறது என்பதையும் பாருங்க. 2025 மே 2 முதல் பாகிஸ்தான் சரக்கு நேராக வந்தாலும் வேறு நாடு வழியாக வந்தாலும் தடை. துபாய் வழியாக வந்த உலர் பேரீச்சை மும்பை பக்கம் நவசேவா துறைமுகத்தில் பிடிபட்ட பிறகு, பேரீச்சை என்றாலே எந்த ஊர்ப் பழம் என்று துருவிக் கேட்கிறார்கள்.

கோபி_உருண்டை:
அக்கா, பில் இரண்டு நாள் தாமதம், 10,000 கட்டியாகிவிட்டது. பில் ஆஃப் லேடிங் ஈராக்கின் உம் கசர் துறைமுகத்தில் ஏற்றியது முதல் தூத்துக்குடி வரை ஒரே தாளுங்க. நடுவில் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் கப்பல் மாறியிருக்கிறது. ஈராக் பழம்தான் என்ற சான்றிதழும் தாவர நலச் சான்றிதழும் அசல் கையில் இருக்கிறது.

நொய்யல்கரை:
அப்படியானால் அந்தப் பக்கம் கவலை இல்லை. கேட்பதற்கு முன்பே மூன்றையும் ஒரே கோப்பாகக் கொடுத்துவிடுங்க.

கோபி_உருண்டை (எட்டு நாள் கழித்து):
நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாருக்காவது உதவும்.

விதிமுறையின் அந்தப் பத்தியை அச்செடுத்து ஏஜென்ட் முன்னால் வைத்தேன். படித்துப் பார்த்துவிட்டு அவரே பதில் எழுதிப் போட்டார். ஆயுட்காலம் பற்றி அதிகாரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி எல்லாம் லேபிள் மேல் மட்டும்தான் இருந்தது. புகை போட்டு, 49இல் கிடங்குக்கு மாற்றி, காலி கன்டெய்னரை அன்று மாலையே ஒப்படைத்தோம். ஸ்டிக்கரைச் சிவகாசியில் அடித்து பஸ்ஸில் வரவழைத்தேன். ஊரிலிருந்து நானும் தம்பியும் பட்டறையில் வேலை செய்யும் நான்கு அக்காமாரும் வந்து, ஒன்றரை நாளில் 2,200 பெட்டிக்கும் ஒட்டி முடித்தோம். அவர்கள் உருண்டை பிடிக்கும் வேகத்தில் ஒட்டினார்கள். அந்த நான்கு பேரும் வராவிட்டால் இன்னும் மூன்று நாள் ஆகியிருக்கும்.

மறுநாள் பார்வையிட்டு மாதிரி எடுத்துப் போனார்கள். ஆய்வக அறிக்கைக்குக் காத்திருக்கிறேன்.

கோபி_உருண்டை (அதற்கும் ஆறு நாள் கழித்து):
அறிக்கை தேறிவிட்டது. உணவுத் துறையின் தடையின்மைச் சான்று வந்தது, தாவர நோய்த்தடுப்பு விடுவிப்பும் வந்தது, வரி கட்டி இன்று மதியம் அவுட் ஆஃப் சார்ஜ் (சுங்கத்தின் இறுதி விடுவிப்பு) ஆனது. லாரி மதுரை தாண்டிவிட்டது, விடியற்காலை திண்டுக்கல், கரூர் வழியாக வந்து சேரும். அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாங்க.

அடுத்த லோடுக்குப் பெட்டியிலேயே எல்லாம் அச்சடித்து வரட்டும் என்று அனுப்புகிறவருக்கு டிசைன் போட்டிருக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் ஒரு பார்வை பாருங்க.

முத்துநகர்_கிளியரிங்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. டிசைன் நன்றாக இருக்கிறது, பச்சைப் புள்ளி பெயருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. உரிம எண்ணை மட்டும் எண்ணிப் பாருங்க, 14 இலக்கம் இருக்க வேண்டும்.

கோபி_உருண்டை:
எண்ணினேன் அண்ணாச்சி. 13தான் இருக்கிறது. நடுவில் ஒரு சைபர் விட்டுப்போயிருக்கிறது. இப்போதே மாற்றி அனுப்புகிறேன்.