டிரான்ஸ்பர் கேஸுக்குத் தமிழில் என்ன பெயர்?

தக்கலை, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான மோட்டார் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் கியர்பாக்ஸையும் டிரான்ஸ்பர் கேஸையும் இறக்கிவிட்டு வேறு பொருத்துவதைச் சொல்லும் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முன்னதற்குப் பற்சக்கரப் பெட்டி என்ற வழக்கு இருக்கிறது. அதன் பின்னே அமர்ந்து, வருகிற சுழற்சியைப் பின் அச்சுக்கும், வேண்டும்போது முன் அச்சுக்கும் அனுப்புகிற பெட்டிக்குத்தான் பெயர் வேண்டும். ‘மாற்றுப்பெட்டி’ என்கிறார் நண்பர் ஒருவர். அப்படியானால் இயலின் தலைப்பு ‘மாற்றுப்பெட்டியை மாற்றுதல்’ என்றாகும். படிப்பவர் அதைப் பதிலுக்கு வைக்கும் பெட்டி என்றே கொள்வார்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பகர ஒற்றை நீக்கிவிட்டால் இடர் தீர்ந்தது. ‘மாற்றுபெட்டி’ என்பது வினைத்தொகை. மாற்றிய, மாற்றுகின்ற, மாற்றும் எனக் காலம் மூன்றும் அதில் கரந்து நிற்கும். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

குலசேகரம், பட்டறை நடத்துபவர்:

ஆசிரியர் ஐயாவின் இலக்கணம் சரியாக இருக்கலாம். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, மேலே நிற்கிறவர் சொல்வதைக் கேட்டு வேலை செய்கிற பையனுக்கு அந்த ஒற்று காதில் விழாது. ஒரு செவர்லே வண்டியில் என்பி 208 வகை டிரான்ஸ்பர் கேஸை எடுத்துவிட்டு என்பி 205 வைப்பதாகக் கொள்வோம். முந்தையது அலுமினியக் கூடும் சங்கிலியும் கொண்டது. பிந்தையது வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் முழுவதும் பற்சக்கரங்களால் ஆனது. கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டில் ஸ்ப்ளைன் எனும் நீளவாட்டுப் பற்கள் 10 இருக்கின்றனவா 32 இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தை இடம் மாற்ற வேண்டும், பின் தண்டின் நீளத்தை மீண்டும் அளக்க வேண்டும். இந்த வேலை முழுவதுமே மாற்றுவதுதான். அதற்குள் பெட்டியின் பெயரும் மாற்று என்றால் எதை எடுப்பது, எதை வைப்பது?

இன்னொன்றையும் கவனியுங்கள். முன் அச்சுக்குப் போகும் தண்டு பயணி பக்கம் இறங்குகிறது என்று அமெரிக்க நூல்கள் எழுதும். அவர்களுக்கு அது வலப்புறம். நமக்கோ ஓட்டுநர் அமரும் பக்கமே வலம். தமிழில் ‘வலப்புறம்’ என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் முன் அச்சின் உருண்டை (டிஃபரென்ஷியல்) ஒரு பக்கமும் தண்டு மறுபக்கமுமாக நிற்கும்.

மார்த்தாண்டம், கல்லூரி விரிவுரையாளர்:

‘கவர்பெட்டி’ என்பதை முன்மொழிகிறேன். மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை ‘அருநெறி கவர்க்கும்’ என்கிறது. கவை, கவடு, கவட்டை எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. பிரியும் வழிக்குக் ‘கவலை’ என்று பழந்தமிழில் பெயர். மலையாளத்தில் அது இன்றும் ‘கவல’ என்று உயிரோடு இருக்கிறது. முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த நம் குமரி மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. கவண் என்ற கருவியின் பெயரும் இங்கிருந்தே

குலசேகரம், பட்டறை நடத்துபவர்:

இடைமறிப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் ‘கவர்’ என்றால் மூடி. ‘கவர்பெட்டியைக் கழற்று’ என்றால் பையன் நாலு போல்ட்டை எடுத்து மூடியைக் கையில் தருவான்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பட்டறையில் ஆங்கிலம் புகுந்துவிட்டது என்பதற்காகச் சிலம்பின் சொல்லைக் கைவிடுவதா? இப்படியே போனால் தமிழுக்கு வேற்றுமை உருபு மட்டும்தான் எஞ்சும்.

கோட்டாறு, பொறியியல் மாணவி:

ஐயா, வடசொல்லை வடவெழுத்து ஒருவி ஏற்கலாம் என்று எச்சவியலில் தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறாரே. டிரான்ஸ்பரை மட்டும் ஏன் விரட்ட வேண்டும்? தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘பகிர்பெட்டி’ எனலாம். அதுவும் வினைத்தொகைதான், காதிலும் குழப்பாது.

தக்கலை, மொழிபெயர்ப்பாளர்:

பகிர்பெட்டிக்கு ஐவர் இசைந்திருக்கிறார்கள், அவர்களில் இருவர் ‘போதும், முடியுங்கள்’ என்ற குறிப்போடு. முதலில் வருமிடத்தில் ‘பகிர்பெட்டி எனப்படும் டிரான்ஸ்பர் கேஸ்’ என்றும், பிறகு பகிர்பெட்டி என்றும் எழுதுகிறேன். விரிவுரையாளர் கவர்பெட்டியிலேயே நிற்கிறார். கவண் பற்றிய மூன்று பக்கத் தனிமடலும் வந்து சேர்ந்தது.

குலசேகரம், பட்டறை நடத்துபவர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் உடன்படவில்லை. பகிர்தல் என்றால் அளந்து பிரித்தல். இந்தப் பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை பிரித்தளிப்பதில்லை. இருசக்கர ஓட்டத்தில் எல்லாம் பின்னால் போகிறது. நாற்சக்கரத்தில் போட்டால் முன் தண்டையும் பின் தண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. அதனால்தான் மாறாமலை ஏற்றத்து ஈரமண்ணில் உதவுகிற அதே பூட்டு, காய்ந்த தார்ச்சாலையின் வளைவில் தண்டுகளை முறுக்குகிறது. பகிர்கிறது என்று படித்தவன் தார்ச்சாலையிலும் நாற்சக்கரத்திலேயே ஓட்டுவான். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தாழ்கியர் என்ற மற்ற வேலையையும் இந்தப் பெயர் சொல்லவில்லை. என்பி 205 அங்கே வேகத்தை ஏறக்குறைய பாதியாக்குகிறது, 208 இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது. பெயர் அப்படியே இருக்கட்டும். தண்டுகளைப் பூட்டுவது, தாழ்கியர் ஆகிய இந்த இரண்டு செய்திகளையும் அதே பக்கத்தின் அடியில் தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள்.