சிமிலாரிட்டி சர்ச்: ‘சாயல் தேடல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தொடக்கத்தில் வந்த கேள்வி இது:

> காணொளிக்குப் பின்னணி இசை தேடும் தளங்களில் ‘சிமிலாரிட்டி சர்ச்’ என்று ஒரு வசதி வந்திருக்கிறது. ஒரு பாட்டைக் கொடுத்தால், அதைப் போன்ற ராயல்டி ஃப்ரீ (ஒவ்வொரு முறைக்கும் தனிப் பணம் கேட்காத) இசைத்துண்டுகளை ஏஐ எடுத்துத் தருகிறது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இதுவரை வந்த சொற்கள்: ஒற்றுமைத் தேடல், ஒப்புமைத் தேடல், ஒத்திசைவுத் தேடல், நிகர்த் தேடல். என் பரிந்துரை ‘சாயல் தேடல்’. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் கருவி உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். வேலை தெரியாமல் ஆங்கிலச் சொல்லை மட்டும் பிரித்துப் பார்த்தால், அகராதியில் முதலில் கண்ணில் படுகிற சொல்தான் கையில் வரும்.

நான் காணொளித் தொகுப்பு வேலை செய்பவன். அண்மையில் ஒரு விதை முளைத்து இலை விடும் காட்சியை இரண்டு நிமிடத்துக்குத் தொகுத்தேன். வெட்டும்போது தாளத்துக்காக எனக்குப் பிடித்த ஒரு இசையை அடியில் போட்டுக்கொண்டேன். புல்லாங்குழல், பின்னால் மெல்லிய தாளம், நிமிடத்துக்கு 72 தட்டு. அதற்கு என்னிடம் உரிமம் இல்லை, கடைசியில் எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். தொகுப்பாளர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. ‘அமைதியான புல்லாங்குழல்’ என்று சொற்களால் தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. பெரும்பாலும் தியான வகுப்பில் ஓடவிடுகிற இசை.

அப்புறம் அந்த ஒலிக்கோப்பையே தேடலில் கொடுத்தேன். முதலில் வந்த துண்டில் புல்லாங்குழல் இருந்தது, வேகமும் சரி. ஆனால் விழாக் களை கட்டியிருந்தது, முளைக்கிற விதைக்கு ஒட்டவே இல்லை. மூன்றாவதாக வந்ததில் புல்லாங்குழலே கிடையாது. ஒற்றை செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்), நீளமாக இழுத்து இழுத்து வாசிக்கிறது. அதைக் காட்சிக்கு அடியில் வைத்ததும் அப்படியே பொருந்திக்கொண்டது. குறிச்சொல் போட்டு அடுக்குகிற யாரும் அந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். முழுப் பாட்டுக்குப் பதிலாக நடுவில் இருக்கும் 15 நொடியை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். பட்டியல் தலைகீழாக மாறிவிட்டது. காரணம் எளிதுதான். கருவி ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று படமாக வரைந்து, அந்தப் படத்தை ஒரு நரம்பியல் வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரல்) வழியாக எண்வரிசையாக மாற்றுகிறது. விஜிஜிஷ் (VGGish) என்ற ஏஐ மாதிரியில் 0.96 நொடிக்கு ஒரு துண்டு, ஒவ்வொன்றுக்கும் 128 எண்கள். கிளாப் (CLAP) வகை ஏஐ மாதிரி ஒன்றில் 512 எண்கள். முழுப் பாட்டுக்கு ஒரே வரிசை வேண்டுமென்றால், துண்டுகளின் எண்களைச் சராசரி எடுப்பதுதான் வழக்கமான வழி. அமைதியான தொடக்கமும் பொங்கி எழும் நடுப்பகுதியும் அதில் ஒன்றாகக் கரைந்துவிடும். நடுப்பகுதியை மட்டும் கொடுத்தால் அந்த எழுச்சி மட்டும் எண்களில் நிற்கும். பிறகு இரண்டு எண்வரிசைகளுக்கு நடுவே உள்ள கோணத்தை அளக்கிறது. கோணம் குறையக் குறைய நெருக்கம் கூடுகிறது. லட்சக்கணக்கான துண்டுகளில் நெருங்கியதை நொடியில் எடுத்துத் தர ஃபேஸ்புக் 2017-இல் வெளியிட்ட ஃபைஸ் (FAISS) போன்ற நிரல்தொகுப்புகள் இருக்கின்றன.

ஆக, ‘இதுதான் அது’ என்று இந்தத் தேடல் சொல்வதில்லை. ‘இது இவ்வளவு தூரம் அதைப் போல இருக்கிறது’ என்றுதான் சொல்கிறது. கூடவும் குறையவும் இடம் கொடுக்கிற சொல்தான் நமக்குத் தேவை.

தமிழில் அந்தச் சொல் பேச்சிலேயே இருக்கிறது. ‘பையனுக்கு அம்மா சாயல்’ என்கிறோம். ‘லேசாக அவங்க அத்தை சாயல் தெரியுது’ என்கிறோம். பாட்டைக் கேட்டுவிட்டு ‘இதில் மோகனச் சாயல் இருக்கு’ என்கிறோம். அந்த ராகமேதான் என்று அதற்குப் பொருள் இல்லை, கேட்கிறவர் காதுக்கு அது தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். முழுக்க ஒன்றேயாக இருந்தால் சாயல் என்று சொல்லவே மாட்டோம். ‘அச்சு அசல்’, ‘உரித்து வைத்த மாதிரி’ என்போம். சாயலுக்கும் அசலுக்கும் இடையே உள்ள இந்தக் கோட்டைப் பேச்சுத் தமிழ் எப்போதோ போட்டுவிட்டது. நாம் அதை எடுத்துக்கொண்டால் போதும்.

மற்ற சொற்களில் எனக்குள்ள தயக்கங்கள்.

ஒற்றுமை என்றதும் ஒன்றுபட்டு நிற்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘ஆறு ஒற்றுமை கண்டுபிடி’ என்று புதிர்களில் வருவது உண்மைதான், ஆனால் ‘ஒற்றுமைத் தேடல்’ என்று தனியாக எழுதினால் சமாதானப் பேச்சுவார்த்தை போல இருக்கிறது. நிகர் என்றால் சமம். நாம் தேடுவது சமமானதை இல்லை.

ஒத்திசைவுத் தேடல் அழகான சொல், அதற்குள்ளேயே ‘இசை’ இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒத்திசைவது என்றால் சேர்ந்து பொருந்தி ஒலிப்பது. ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டுகளைக் கோத்து ஓடவிடும் டிஜேக்கள், சுருதி பொருந்துகிற அடுத்த பாட்டைத் தேடுகிறார்கள். அது வேறு தேடல். சாயலே இல்லாத இரண்டு பாட்டுகள் நன்றாக ஒத்திசையலாம். அந்த வேலைக்கு இந்தச் சொல்லைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மீதி இருப்பது ஒப்புமை. அது பிழையான சொல் அல்ல. பெரும்பான்மை அதையே ஏற்றால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனாலும் ஒப்புமை என்பது இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையை நினைவூட்டுகிறது. விலை ஒப்பீடு, நூல் ஒப்பாய்வு என்ற குடும்பத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சாயலுக்கு எதிராக வந்த மறுப்புகளையும் பார்த்தேன்.

> தொல்காப்பியம் உரியியலில் ‘சாயல் மென்மை’ என்றல்லவா இருக்கிறது? மென்மையைத் தேடுவதா?

மதிப்புக்குரிய மறுப்பு. பழம்பொருள் அதுதான். ஆனால் இன்றைக்கு யாரும் சாயல் என்றால் மென்மை என்று புரிந்துகொள்வதில்லை. கலைச்சொல் இன்றைய வழக்கில் கால் ஊன்றித்தான் நிற்க முடியும். தொல்காப்பியத்திடமே போனதால் உவமவியலையும் திறந்து பார்த்தேன். அங்கே நமக்கு வேண்டியது கிடைத்தது. ஒன்று இன்னொன்றைப் போல இருப்பது வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் வழியாக என்கிறது அது. செயலால் ஒப்பது, விளைவால் ஒப்பது, வடிவால் ஒப்பது, நிறத்தால் ஒப்பது.

இதை என் விதைக் காட்சியோடு வைத்துப் பார்த்தேன். விழாக் களையோடு வந்த முதல் துண்டு உருவால் ஒத்தது. இசையில் நிறம் என்பது வாத்தியத்தின் நாதம்தானே, புல்லாங்குழலுக்குப் புல்லாங்குழல். செல்லோ பயனால் ஒத்தது, கேட்டபின் மனதில் விடுகிற உணர்வு ஒன்றே. வேகமும் நடையும் வினை. எங்கே தொடங்கி எங்கே உயர்ந்து எங்கே அடங்குகிறது என்ற கட்டமைப்பு மெய். கருவிகளில் மனநிலை, வேகம், வாத்தியம் என்று வடிகட்டும் வசதி இருக்கிறதல்லவா, அதற்கு வினைச்சாயல், பயன்சாயல், மெய்ச்சாயல், உருச்சாயல் என்று நான்கு பெயர் தயாராக நிற்கிறது. ஒரு சொல் நல்ல கலைச்சொல்லா என்று பார்க்க நான் வைக்கும் சோதனை, அது பிள்ளைகுட்டிகளோடு வருகிறதா என்பது. சாயல் வருகிறது: சாயல் அளவு, சாயல் வரிசை, சாயல் வரம்பு.

(வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 72 தட்டுப் பாட்டைக் கொடுத்தால் 144 தட்டுப் பாட்டும் சேர்ந்து வரலாம். பாதியையும் இரட்டிப்பையும் கருவி குழப்பிக்கொள்வது நன்கு அறிந்த சிக்கல். பட்டியலை நம்பிவிடாமல் காதால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.)

எந்திரக் கற்றலில் ‘சாய்வு’ என்பதை ஒருதலைச் சார்புக்கு வைத்திருக்கிறோமே, குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேர் ஒன்றாக இருக்கலாம், ஆனால் சாய்வு நாற்காலியையும் அப்பா சாயலையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை.

புணர்ச்சி பற்றி ஒரு சொல். இலக்கணப்படி சேர்த்து எழுதினால் கல்+தூண் கற்றூண் ஆவதுபோல இது ‘சாயற்றேடல்’ ஆகும். படிப்பவர் திகைத்துப்போவார். இடம் விட்டு ‘சாயல் தேடல்’ என்றே எழுதுவோம். முன்னால் ‘ஏஐ’ சேர்க்க வேண்டாம் என்பதும் என் கருத்து. ஒலிகளைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் இதைப் போன்ற ஒலிகளைக் காட்டும் வசதி ஏஐ பேச்சு பரவும் முன்பே உண்டு. முறை மாறிக்கொண்டே இருக்கும், பெயர் வேலையைச் சொன்னால் போதும். செயலியில் பொத்தானுக்கு மட்டும் ‘இதுபோல் தேடு’ என்று வைக்கலாம், கைப்பேசித் திரையில் அடங்கும், முதல்முறை பார்ப்பவருக்கும் புரியும்.

இதன் எதிர்ப்பக்கத்தில் இருக்கிற இன்னொரு தேடலுக்கும் பெயர் தேவை. ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டு எது என்று ஷாஸம் செயலி கண்டுபிடிப்பதும், பதிவேற்றிய காணொளியில் யாருடைய இசை இருக்கிறது என்று யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடிப்பதும் சாயல் தேடல் அல்ல. அவை பெரும்பாலும் அச்சு அசலைத் தேடுகின்றன. ஷாஸம் ஒலிப்படத்தில் (மேலே சொன்ன அதிர்வெண் படம்) உச்சிப் புள்ளிகளை மட்டும் எடுத்து, விண்மீன் கூட்டம்போல அவற்றின் இடைவெளிகளைப் பொருத்துகிறது. அதே பாட்டை இன்னொருவர் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் அந்தப் புள்ளிகள் பொருந்தாது. கைரேகையை ஒட்டி இதை ‘ஒலிரேகைத் தேடல்’ எனலாம். ரேகை ஒருவருக்கே உரியது, சாயல் பலருக்கு இருக்கும். இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் விளக்கமே வேண்டியதில்லை.

இனி ராயல்டி ஃப்ரீ. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘இலவச இசை’ வேண்டாம். ‘காப்புரிமையற்ற இசை’ வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்குக் காணொளி செய்து கொடுத்தபோது ‘காப்புரிமை இல்லாத இசைதான், கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லிவிட்டேன். பதிவேற்றிய இரண்டாம் நாளே உரிமை கோரி அறிவிப்பு வந்தது. நான் பணம் கட்டி வாங்கிய உரிமம் கையில் இருந்தது, அதைக் காட்டி விடுவித்தோம், ஆனால் மூன்று வாரம் ஆனது. ‘உரிமையே இல்லை என்றீர்களே, இப்போது யார் கேட்கிறார்கள்?’ என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த இசைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) இருந்தது, இசையமைத்தவரிடம் பத்திரமாக இருந்தது. ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் தனியாகப் பணம் தர வேண்டாம் என்பதுதான் ராயல்டி ஃப்ரீ. உரிமத்துக்கு ஒருமுறை கட்டணமோ சந்தாவோ இருக்கலாம். ஒரு தவறான சொல்லால் அந்த மனிதர் என்மேல் வைத்த நம்பிக்கை போனது.

‘தொடர்கட்டணமில்லா இசை’ என்ற பரிந்துரை எனக்குப் பிடித்தது, ஆனால் சந்தாவும் தொடர்கட்டணம்தானே, அங்கே இடிக்கிறது. பதிப்புத் துறையில் ராயல்டிக்கு ‘உரிமைத்தொகை’ ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே எழுத்தில் ‘உரிமைத்தொகை இல்லா இசை’, பேச்சில் ‘ராயல்டி இல்லாத இசை’. புதிதாக எதுவும் ஆக்கத் தேவையில்லை.

சாயல் தேடலின் முடிவுப் பட்டியலில் உரிம வகையையும் தமிழில் காட்ட வேண்டும் என்று சொல்லிவைக்கிறேன். சாயல் 95 விழுக்காடு பொருந்தினாலும் உரிமம் பொருந்தாவிட்டால் பயனில்லை. படைப்பாளி எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ‘மாற்றியமைக்கக் கூடாது’ என்ற வகையைப் பார்த்துவிட்டு ‘நான் இசையை வெட்டவில்லையே, அப்படியேதானே போடுகிறேன்’ என்று நினைப்பவர்கள் நிறைய. நகரும் படத்தோடு இசையை நேரம் பொருத்திச் சேர்ப்பதே மாற்றியமைப்புதான் என்று அந்த உரிமம் தெளிவாகச் சொல்கிறது. அந்த வகை இசையைக் காணொளிக்கு எடுக்கவே முடியாது. அதேபோல பீத்தோவன் 1827-இல் இறந்துவிட்டார், அவர் மெட்டு எல்லோருக்கும் பொது. போன ஆண்டு ஒரு குழு வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கு அந்தக் குழுவின் உரிமை தனியாக உண்டு. மெட்டுரிமை, பதிவுரிமை என்று இரண்டாகக் காட்டினால் இந்தக் குழப்பம் தீரும்.

கடைசியாக, அந்த எண்வரிசைக்குப் பெயர். ‘எம்பெடிங்’ என்பதற்கு ‘உட்பொதிவு’ என்று எழுதி வருகிறோம். எதற்குள் எது பொதிந்திருக்கிறது என்று படிப்பவருக்கு விளங்குவதில்லை. ‘எண்சுவடு’ என்று ஒரு சொல்லை வைக்கிறேன். பாட்டு நடந்துபோன தடம் எண்களாகப் பதிந்திருக்கிறது என்ற பொருளில். ‘இந்தப் பாட்டின் எண்சுவட்டுக்கு நெருங்கிய 20 பாட்டுகளைக் காட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் தடுக்கவில்லை. திசையன் (வெக்டர்) என்ற சொல்லே போதும் என்பவர்கள் அதே வாக்கியத்தை உங்கள் சொல்லை வைத்து எழுதி அனுப்புங்கள். இரண்டையும் சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல் பட்டியலில் ஏற்றுவோம்.

அன்புடன்,
காணொளித் தொகுப்பாளன்